வெந்த கறியும் இளகிய கறியும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், பன்றியின் தோள்பட்டைக் கறியை மூடியுள்ள கரி அடுப்பில் மெல்லிய அனலில் எட்டு முதல் பத்து மணி நேரம் வைத்திருந்து, பிறகு நார் நாராகப் பிய்த்துப் பரிமாறும் அமெரிக்கத் தென்மாநிலச் சமையல் முறையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அங்கே அதைப் ‘புல்டு போர்க்’ என்று அழைக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் சேலத்திலும் ஏற்காட்டிலும் பலர் வீட்டிலேயே செய்து பார்த்திருப்பதாகக் கடிதங்கள் சொல்கின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எலும்போடு கூடிய மூன்று கிலோ தோள்பட்டைக் கறியைக் காலை 6 மணிக்கு அடுப்பில் வைத்தேன். பகல் 11 மணிக்குள் கறியின் உட்சூடு 66 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டது. அதன்பின் மூன்று மணி நேரம் காத்திருந்தும் அது 68 டிகிரியைத் தாண்டவில்லை. அனல் போதவில்லை என்று நினைத்துக் கரியை அள்ளிப் போட்டுக் காற்றுத் துளைகள் அனைத்தையும் திறந்துவிட்டேன். மாலை 4 மணிக்கு 80 டிகிரி காட்டியது. விருந்தினர் காத்திருந்ததால் எடுத்துவிட்டேன். மேற்புறம் கருகியிருந்தது. உள்ளே ரப்பர் போல இருந்ததால் பிய்க்க வரவில்லை, கத்தியால்தான் அறுக்க முடிந்தது. எங்கே தவறு செய்தேன்?
— ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: முதல் ஐந்து மணி நேரம் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. 68 டிகிரியில் நின்றுபோன அந்த மூன்று மணி நேரத்தைக் கண்டு பயந்ததுதான் தவறு. இந்தச் சமையலை முதன்முறை செய்யும் அனைவரும் தடுமாறும் இடம் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் தன்னோடு எடுத்துச் சென்றுவிடுகிறது. அடுப்பிலிருக்கும் பெரிய கறித்துண்டிலும் இதேதான் நடக்கிறது. உட்சூடு 65 டிகிரியை நெருங்கும்போது தசைநார்கள் சுருங்கி உள்ளிருக்கும் ஈரத்தைப் பிழிந்து மேற்புறத்துக்குத் தள்ளுகின்றன. அந்த ஈரம் ஆவியாகும் வேகமும் அடுப்பு தரும் சூடும் சமமாகிவிடுவதால், அளவுமானியின் முள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. மேற்புறம் போதுமான அளவு உலர்ந்த பிறகு, நாம் எதுவும் செய்யாமலே அது மறுபடியும் ஏறத் தொடங்கும். இந்தத் தேக்கம் இரண்டு மணி நேரமும் நீடிக்கலாம், ஐந்து மணி நேரமும் நீடிக்கலாம்.

கறி வேகும் நேரம் வேறு, கறி இளகும் நேரம் வேறு. உங்கள் கறி 66 டிகிரியிலேயே உண்பதற்குப் பாதுகாப்பான அளவுக்கு வெந்துவிட்டது. ஆனால் தோள்பட்டை என்பது விலங்கின் வாழ்நாள் முழுவதும் உழைத்த தசை. அதில் நார்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் சவ்வு ஏராளமாக இருக்கிறது. அந்தச் சவ்வு ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல்தான் குறிப்பிடத்தக்க அளவில் உருகத் தொடங்கி, 80 டிகிரிக்கு மேல் வேகமெடுத்து, ஜெலட்டின் என்னும் வழவழப்பான பொருளாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப்பைக் குடித்து முடித்ததும் உதடுகள் இலேசாக ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் ஜெலட்டின். அந்த மாற்றத்துக்குச் சூடு மட்டும் போதாது; அந்தச் சூட்டிலேயே கறி சில மணி நேரம் இருக்கவும் வேண்டும். நீங்கள் 80 டிகிரியில் எடுத்த கறியில் ஈரம் பிழியப்பட்டுவிட்டது, ஆனால் சவ்வு உருகி அந்த ஈரத்தின் இடத்தை நிரப்பவில்லை. அதனால்தான் அது ரப்பர் போலாயிற்று. இன்னும் மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால் அதே கறி விரலாலேயே உதிர்ந்திருக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். அடுப்புக்குள் உள்ள காற்றின் சூடு 110 முதல் 120 டிகிரி வரை இருக்கட்டும். தேக்கம் வந்ததும், மேற்புறம் நல்ல செம்பழுப்பு நிறத்தில் உலர்ந்த பொருக்காகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் கறியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி மறுபடியும் வைத்துவிடுங்கள். ஆவியாக வழியில்லாததால் உட்சூடு விரைவில் ஏறும், இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும். மேற்புறப் பொருக்கு சற்று நமத்துப் போகும் என்பது இதிலுள்ள குறை. விருந்தினரைக் காக்க வைப்பதைவிட அது பெரிய குறையல்ல என்பது என் கருத்து.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பலவற்றில் உட்சூடு 203 அல்லது 205 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 95, 96 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்று போட்டிருக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. அந்தக் கணக்கு அங்கே பொருந்தும். ஏற்காடோ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஈரமுள்ள கறியின் உட்சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிப் போகாது. அதைத் தாண்ட வேண்டுமானால் கறி வறண்டிருக்க வேண்டும். ஆகவே நாகலூரில் நின்றுகொண்டு 96 டிகிரிக்குக் காத்திருப்பது கறியைக் காயவைப்பதில்தான் முடியும். 90 டிகிரி வந்ததுமே சோதிக்கத் தொடங்கிவிடுங்கள். ஒரு மெல்லிய கம்பியைக் கறியின் தடித்த பகுதியில் மூன்று நான்கு இடங்களில் செருகுங்கள். நன்றாக வெந்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவதைப் போலத் தடையில்லாமல் இறங்க வேண்டும். எலும்பைப் பிடித்துத் திருகினால் அது தனியாகக் கழன்று வர வேண்டும். இந்த இரண்டும் நடந்துவிட்டால், அளவுமானி என்ன காட்டினாலும் கறி ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மலையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடக் குறைவு என்பதால் கரியும் சற்று மந்தமாகவே எரியும். கீழ்த் துளையைச் சமவெளிக்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கறிக்கடையில் ‘தோள்பட்டை’ என்று கேட்டால் அவர்களாகவே சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பகுதியை, எப்படிக் கேட்டு வாங்குவது? தோலை வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நம் ஊரில் பன்றிக்கறி என்றாலே வறுவலுக்கோ குழம்புக்கோ என்றுதான் கடைக்காரர் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே போய், “முன்னங்காலுக்கு மேலே, கழுத்தை ஒட்டியிருக்கும் தோள் பகுதி எலும்போடு முழுசாக வேண்டும், துண்டு போட வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். நன்கு வளர்ந்த வெண்பன்றியில் அந்தப் பகுதி மூன்று முதல் நான்கு கிலோ வரை இருக்கும். அது கிடைக்காவிட்டால் அதற்குக் கீழே முன்னங்காலின் மேற்பகுதியையும் வாங்கலாம். அதில் சவ்வும் எலும்பும் சற்று அதிகம், சுவையில் குறைவில்லை. முதுகுக் கறியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்க அழகாக, கொழுப்பில்லாமல் இருக்கும். ஆனால் உருகுவதற்கு அதில் சவ்வே இல்லாததால் எட்டு மணி நேரத்தில் மரத்தூளாகிவிடும். பின்னந்தொடையும் ஏறக்குறைய அப்படித்தான்.

நம் பக்கத்துக் கடைகளில் பன்றியைத் தீயில் வாட்டித் தோலோடு விற்பது வழக்கம். குழம்புக்கு அந்தத் தோல் அருமையானது. இந்தச் சமையலில் உப்பும் புகையும் தோலைத் தாண்டி உள்ளே போகாது என்பதால் தோலை நீக்கிவிடச் சொல்லுங்கள். அதன் அடியிலிருக்கும் கொழுப்பில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைத்தால் போதும்.

வாங்கி வந்த கறியைத் துடைத்து, கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் வரை உப்பை எல்லாப் பக்கமும் தடவி, முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு மெதுவாக உள்ளே இறங்குவதற்கு அந்த ஓர் இரவு தேவைப்படும். மறுநாள் காலையில், ஒன்றிரண்டாக இடித்த மிளகு, நாட்டுச்சர்க்கரை, மிளகாய்த்தூள், வறுத்த சீரகப்பொடி ஆகியவற்றைக் கலந்து மேலே அப்ப வேண்டும். சர்க்கரை கருகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 120 டிகிரியைத் தாண்டாத அடுப்பில் அது கருகாது. சேர்வராயன் மலையின் மிளகும் காப்பியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, சிக்கரி கலக்காத காப்பித்தூளில் ஒரு மேசைக்கரண்டியையும் அந்தக் கலவையோடு சேர்த்துப் பாருங்கள் என்று நான் வற்புறுத்தியே சொல்வேன். அதன் இலேசான கசப்பு கொழுப்பின் திகட்டலை வெட்டுகிறது. மேற்புறப் பொருக்குக்கும் ஆழ்ந்த நிறம் வந்துவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காப்பிச் செடிகளைக் கவாத்து செய்த கட்டைகள், பழைய ஆரஞ்சு மரம், சில்வர் ஓக், கொய்யா, பலா, யூகலிப்டஸ் எல்லாம் இருக்கின்றன. புகைக்கு எது நல்லது? கரி வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், மஞ்சக்குட்டை, ஏற்காடு

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காப்பியை நட்டார் என்பார்கள். அந்தப் பயிரின் கவாத்துக் கட்டைகள் இன்று உங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கின்றன. காப்பிக் கட்டை கெட்டியானது, மெதுவாக எரியும், புகையும் காரமில்லாமல் இருக்கும். கொய்யாவும் ஆரஞ்சும் அதைப் போலவே நல்லவை. எனக்கு மிகவும் பிடித்தது கொய்யாதான். பலாவும் மாவும் தாராளமாகப் பயன்படும். எதுவானாலும் குறைந்தது ஆறு மாதமாவது மழை படாமல் உலர்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டை எரியாமல் புழுங்கும், அந்தப் புகையில் கறி கசந்துவிடும். யூகலிப்டஸ் தைல வாசம் கறியில் ஏறிவிடும் என்பதால் அது வேண்டாம். பைன் போன்ற பிசின் மரங்களும், சாயம் பூசிய பலகையும், பிளைவுட்டும் கூடவே கூடாது. வேலியோரத்து அரளியின் ஒரு குச்சிகூட அடுப்பில் விழக் கூடாது. அது நச்சுச் செடி, அதன் புகையும் நச்சுதான். சில்வர் ஓக்கை நான் இதற்குப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. நல்ல மரங்கள் இத்தனை இருக்கும்போது அதைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

கட்டை புகைக்காக மட்டும்தான். அனலுக்குக் கரியையே நம்புங்கள். கைமுட்டி அளவில் நான்கைந்து துண்டுகள் ஒரு முழுச் சமையலுக்குப் போதும். புகை பெரும்பாலும் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில், கறியின் மேற்புறம் ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும்போதுதான் நன்றாக ஒட்டும். கட்டையை நீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊறிய கட்டை முதலில் நீராவியைத்தான் விடும், அதனால் ஒரு பயனும் இல்லை. மூடியின் துளையிலிருந்து வரும் புகை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீல நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள்.

கரியில் நம் பக்கம் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. கொட்டாங்குச்சிக் கரிக் கட்டிகள் ஒரே அளவாக இருப்பதால் நீண்ட நேரம் சீராக எரியும். இந்தச் சமையலுக்கு அவையே உகந்தவை. மற்றொன்று சீமைக்கருவேலங்கரி. டெக்சாஸ் பக்கம் இறைச்சி வாட்டப் புகழ்பெற்ற ‘மெஸ்கீட்’ என்னும் மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. நம் கண்மாய்களைக் காய வைப்பதாக நாம் திட்டும் மரத்துக்கு அங்கே இப்படி ஒரு மரியாதை! கரியாக்கிவிட்டால் அது நல்ல அனல் தரும். ஆனால் அதன் கட்டையை அப்படியே புகைக்கப் போட்டுப் பத்து மணி நேரம் வைத்தால் காரமாகிவிடும்.

அடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கரிக்கட்டிகளை அடுப்பின் உள்விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் இரண்டு வரிசையும் இரண்டு அடுக்குமாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் ஏழெட்டுக் கனன்ற கட்டிகளை வையுங்கள். ஊதுபத்தி எரிவதைப் போல அனல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்து போகும். நடுவில் ஒரு தட்டில் தண்ணீரும் அதற்கு நேர் மேலே கறியும் இருக்கட்டும். கரியைப் பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை கடைசிவரை போகாது.

கேள்வி: பழைய இரும்பு எண்ணெய் டிரம்மை இரண்டாக அறுத்து அடுப்பாக்கிக்கொள்ளலாம் என்று எங்கள் பட்டறைத் தம்பி சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: செய்யலாம். ஆனால் டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். சமையல் எண்ணெய் இருந்ததாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். இரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்ததை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். மூடிய டிரம்மை அப்படியே வெட்டுச் சக்கரத்தால் அறுப்பது உயிருக்கே ஆபத்து. உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நினைவூட்டுங்கள். அறுத்த பின் உள்ளே விறகிட்டுக் கொளுத்தி, பழைய சாயமும் பூச்சும் முற்றிலும் எரிந்துபோகும்படி செய்யுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டையோ ஜிஐ கம்பியையோ அடுப்பின் எந்தப் பகுதியிலும் பயன்படுத்தக் கூடாது, சூடேறினால் அதன் புகை நஞ்சு. கறி வைக்கும் கம்பித் தட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள். இரும்பாலை இருக்கும் ஊரில் அதற்கா பஞ்சம்?

கேள்வி: பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் பூச்சி வரும் என்று என் மாமியார் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
— ஒரு வாசகி, ஃபேர்லண்ட்ஸ், சேலம்

பதில்: அத்தையின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பன்றி நாடாப்புழு என்பது உண்மையான நோய். ஆனால் அது பரவும் வழி இரண்டு என்பதையும், இரண்டும் வேறு வேறு என்பதையும் அவருக்கு விளக்குங்கள்.

புழுவின் சிறு கொப்புளங்கள் உள்ள கறியைச் சரியாக வேகாமல் உண்டால், உண்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. முழுத்துண்டுக் கறியின் உட்சூடு 63 டிகிரியை எட்டி மூன்று நிமிடம் நின்றாலே போதும் என்பது அமெரிக்க வேளாண் துறை தரும் அளவு. நம் கறி அதைத் தாண்டி 90 டிகிரிக்கு மேல் போகிறது, அதுவும் மணிக்கணக்கில். மூளையைத் தாக்கும் நோயோ வேறு வழியில் வருகிறது. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கைகள் வழியாகவும், அசுத்த நீர் பாய்ந்த காய்கறிகள் வழியாகவும் மற்றவர் வயிற்றுக்குள் போகின்றன. அந்த முட்டைகளிலிருந்து வரும் இளம்புழுக்கள்தாம் மூளைக்குப் போய்த் தங்கி வலிப்பு நோயை உண்டாக்குகின்றன. ஆகவே கறியையே தொடாத குடும்பத்தாருக்கும் அந்த நோய் வரலாம். இந்தக் கறியோடு பச்சை முட்டைக்கோஸைச் சீவிச் சாலட் வைப்பது அமெரிக்க வழக்கம். நன்றாக வெந்த கறியைவிட, சரியாகக் கழுவாத அந்தக் கோஸின் மேல்தான் எனக்குக் கவலை அதிகம். மேல் இலைகளை நீக்கி, ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவுங்கள்.

வாங்கும்போது கறிக்குள் அரிசி மணி அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ வெண்மையான நீர்க் கொப்புளங்கள் தெரிந்தால் அதை வாங்காதீர்கள். தெருவில் மேயாத, பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த பன்றியாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் கறியை வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல் வேறெதற்கும் எடுக்காதீர்கள். இத்தனையும் சொன்ன பிறகும் அத்தை மறுத்தால், அடுப்பை மொட்டை மாடியில் வைத்துச் சமைத்து, பாத்திரத்தையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனம் நோகாமல் இருப்பதும் முக்கியம்.

கேள்வி: குக்கரில் நாற்பது நிமிடத்தில் ஆகிற காரியத்துக்குப் பத்து மணி நேரம் எதற்கு?
— ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: இளகுவது மட்டும் நோக்கமென்றால் குக்கரே போதும். உள்ளே 120 டிகிரி வரை சூடேறுவதால் சவ்வு ஒரு மணி நேரத்தில் உருகிவிடும். ஆனால் ஈரமான ஆவியில் மேற்புறப் பொருக்கு உருவாகாது, புகையும் ஏறாது. இடைவழி ஒன்று உண்டு. கரி அடுப்பில் நான்கு மணி நேரம் புகை ஏற்றி, பொருக்கு வந்ததும் அலுமினியத் தாளில் சுற்றி, வீட்டு ஓடிஜி அடுப்பில் 130 டிகிரியில் வைத்து முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் கறிக்கு இனிமேல் புகை தேவையில்லை, சூடு மட்டுமே தேவை. அது கரியிலிருந்து வருகிறதா மின்சாரத்திலிருந்து வருகிறதா என்பது கறிக்குத் தெரியாது. மழைக்காலத்தில் நானும் இப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸ் ஒரே இனிப்பாக இருக்கிறது. வீட்டிலேயே செய்ய வழி சொல்லுங்கள். எதனோடு சாப்பிடுவது?
— ஒரு வாசகி, செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: இந்தச் சமையலுக்குப் பெயர்போன வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் தக்காளிச் சாஸே கிடையாது. வினிகர், உடைத்த வரமிளகாய், மிளகு, உப்பு, அவ்வளவுதான். அதே மாநிலத்தின் மேற்கே போனால் கொஞ்சம் தக்காளி சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் செய்வது கிழக்கத்திய முறை: கால் லிட்டர் வினிகரில் இரண்டு மேசைக்கரண்டி தூள் வெல்லம், ஒரு மேசைக்கரண்டி உடைத்த வரமிளகாய், ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் போட்டுக் கரையும் வரை மட்டும் சூடாக்கி, ஒரு நாள் ஊற விடுவோம். உங்கள் பேட்டையிலேயே ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளின் வெல்லம் கிடைக்குமே, அதுவே போதும். வினிகர் பிடிக்காதவர்கள் எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கொதிக்க வைத்துச் சேர்க்கலாம்.

பிய்த்த கறியில் இந்தச் சாஸையும், சுற்றிய தாளில் தேங்கியிருக்கும் கறிச்சாற்றையும் சேர்த்துப் பிசைந்தால் பேக்கரி பன்னுக்கும் பரோட்டாவுக்கும் ஒன்று போலப் பொருந்தும். சேலத்துத் தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட்டுக்கும் கேரட்டுக்கும் மேலே ஒரு தேக்கரண்டி கறியை வைத்து ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறுப்பும் புளிப்பும் கொழுப்பும் ஒன்றுசேரும் சுவை அது.

கேள்வி: சமைத்து முடித்த பிறகும் அடுப்பில் நல்ல தணல் மிச்சமிருக்கிறது. ஏற்காட்டுக் குளிருக்கு அதை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். புகை வராத தணல்தான் மிகவும் ஆபத்தானது. கனியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகிறார். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்திருக்கும் மலை வீடுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. மழைக்குப் பயந்து அடுப்பையே கார் நிறுத்தும் கூடத்துக்குள் இழுத்து வைத்துச் சமைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மூன்று பக்கமும் திறந்த தாழ்வாரம் என்றால் சரி, சுவர் சூழ்ந்த இடம் என்றால் கூடாது. அடுப்பருகே இருக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்து 108ஐ அழையுங்கள்.

சமையல் முடிந்ததும் அடுப்பின் மேல், கீழ்த் துளைகள் அனைத்தையும் மூடிவிட்டால் தணல் தானாகவே அணைந்துவிடும். மிஞ்சிய கரியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலை மறுநாள் காலைவரை அள்ள வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு பகல் 1 மணிக்குப் பத்துப் பேருக்குப் பரிமாற வேண்டும். எவ்வளவு கறி வாங்கி, எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? மிஞ்சினால் எத்தனை நாள் வைக்கலாம்?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எலும்பும் வற்றும் ஈரமும் போக, வாங்கிய எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் தட்டுக்கு வரும். ஆளுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேருக்கு மூன்று கிலோ வாங்குங்கள். அதற்கு எட்டு முதல் பத்து மணி நேரமும், இறக்கிய பின் இளைப்பாற ஒரு மணி நேரமும் வேண்டும். ஆகவே அதிகாலை 2 மணிக்குக் கறி அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். அது முடியாதென்றால், ஒன்றரைக் கிலோவாக இரண்டு துண்டுகள் வாங்குங்கள். இரண்டையும் ஒட்டாமல் இடைவெளிவிட்டு வைத்தால், நள்ளிரவில் எழ வேண்டியதில்லை. அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி, தேக்கத்தில் தாளைச் சுற்றினால் 12 மணிக்குள் இறக்கிவிடலாம்.

முன்னதாகவே ஆகிவிட்டாலும் கவலையில்லை. தாளோடு ஒரு பழைய பருத்தித் துண்டில் சுற்றி, பெரிய ஹாட்பாக்ஸில் வைத்து மூடினால் மூன்று மணி நேரம் வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்காது. தாமதமாவதைவிட முன்னதாக ஆவது எப்போதும் நல்லது என்பதால், நான் என் கணக்கோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டியே வைத்துக்கொள்வேன். பரிமாறும் நேரத்தில்தான் பிய்க்க வேண்டும். முன்கூட்டியே பிய்த்து வைத்தால் உலர்ந்துவிடும்.

மிஞ்சியதைச் சேலத்து வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், அதன் சாற்றோடு சேர்த்துச் சிறு டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் நன்றாக இருக்கும். சூடாக்கும்போது நேரடியாகத் தீயில் வறுக்காமல், இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிபோட்டு, இட்லிப் பானை ஆவியில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.